ஒன்பது பேர் வரமாட்டார்கள்

தனக்கென்று தனிச் சாப்பாடு சொல்லி வைத்த பயணி கட்டாயம் வந்துவிடுவார். உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல் என்று இரண்டு நாள் முன்பே எழுதிக் கொடுப்பவர் விமானத்தைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. நேற்று டிக்கெட் எடுத்தவர் வருவார். மூன்று மாதத்துக்கு முன்பு மலிவாகக் கிடைத்ததே என்று எடுத்துப் போட்டவரை நம்ப முடியாது. கூட்டமாகப் போகிறவர்களில் ஒருவர் பின்வாங்கினால் கூடவே நாலு பேர் கழன்றுகொள்வார்கள். இதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை ஐயா. பதினேழு வருடம் பயணிகள் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தால் தானாக வரும்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலை விமானத்தில் நூற்று அறுபத்திரண்டு இருக்கைகள். முன்னால் அகலமானவை பன்னிரண்டு, பின்னால் நூற்றைம்பது. வாங்கிய எல்லாரும் வருவதில்லை என்பதால் இருக்கிற இடத்துக்கு மேலேயே விற்பார்கள். எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் பின்னால் இடம் போட்டிருப்பவர்களில் எத்தனை பேரை முன்னால் ஏற்றுவது என்று முடிவாகும். அதிகம் ஏற்றிவிட்டால் முன்னிருக்கைக்கே டிக்கெட் வாங்கியவர் வந்து இடமில்லாமல் நிற்பார். குறைவாக ஏற்றினால் பின்னால் நெரிசல். கவுண்டர் மூடும் நிமிடத்தில் எத்தனை பேர் கையில் போர்டிங் பாஸ் இருக்கிறதோ, அதோடு என் எண்ணை ஒத்துப் பார்ப்பார்கள்.

என் எண் ஒன்றுக்கு மேல் பிசகியதே இல்லை. அலுவலகத்தில் என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் என் மனைவிக்கு இது பெரிய வேடிக்கை. "ஊர்ல எல்லாரும் வர்றவங்களை எண்ணுவாங்க. வராதவங்களை எண்ணிச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் நீங்கதான்" என்பாள். அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்று என்னைத்தான் கேட்டார்கள். சொன்னேன். கடைசிப் பந்தியில் இரண்டு இலைதான் மிச்சம். மாமனார் அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. நாலு பேர் மத்தியில் எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான்.

கவுண்டரில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, விளையாட்டாக, எங்கள் ஓய்வறைப் பலகையில் ஒரு எண் எழுத ஆரம்பித்தாள். ஒன்றுகூடப் பிசகாமல் தொடர்ந்து எத்தனை நாள் என்ற எண். ஐந்து, ஆறு என்று இருந்தவரை நானும் சிரித்தேன். பத்தைத் தாண்டியதும் மற்ற பிரிவுக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேற்பார்வையாளர் அம்மா, சாதாரணமாக யாரையும் பாராட்டாதவர், வெளியிலிருந்து வந்த விருந்தினர்களை அந்தப் பலகைக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தினார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காலையில் வந்ததும் சட்டையைக்கூட நீவிவிட்டுக்கொள்ளாமல் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பேன்.

பன்னிரண்டாம் நாள் ஒருவர் கூடுதலாக வந்துவிட்டார். அமைதியான மனிதர், கையில் ஒரு பெட்டி. "பெட்டி எடை கொஞ்சம் சந்தேகமா இருக்கு சார், அந்தக் கடைசி மெஷின்ல ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு வந்துடுங்க" என்றேன். போய்விட்டு வந்தார். அதற்குள் கவுண்டர் மூடும் நேரம் தாண்டிவிட்டது. நேரத்துக்கு வந்தவருக்கு இடம் இல்லை என்றால் அது என் பிழை, என் பெயரில் எழுதப்படும். நேரம் தவறி வந்தவர் வராதவர் கணக்கு. அவரை அடுத்த விமானத்தில் அனுப்பினோம். அவருக்கு மூன்று மணி நேரம் வீண், எனக்குப் பதின்மூன்றாம் நாள்.

அப்படி ஆறு பேர். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அந்த ஆறு பேருமே குரல் உயர்த்தாதவர்கள். உடுப்பையும், பையை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கும் விதத்தையும் பார்த்தே யார் சத்தம் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதுவும் பட்டியல் பார்த்துப் பார்த்து வந்த திறமைதான் போலிருக்கிறது. இதைச் சொல்லும்போது நாக்குக் கூசுகிறது.

ஏழாவதாக வந்தது அந்தம்மா.

அன்று நூற்று எழுபத்தொரு பேருக்கு விற்றிருந்தார்கள். ஒன்பது பேர் வரமாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அதன்படி நாலு பேரை முன்னால் ஏற்றினோம். அதில் ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை பறக்கிற வாடிக்கையாளர். அவர் வீட்டிலிருந்தே போனில் போர்டிங் பாஸ் எடுத்துவிட்டதால் வந்தவர் கணக்கில் சேர்ந்துவிட்டார். விமானம் ஏழு நாற்பதுக்கு. கவுண்டர் ஆறு ஐம்பத்தைந்துக்கு மூடும். ஆறு நாற்பத்தைந்துக்கெல்லாம் நூற்று அறுபத்திரண்டு பேர் கையிலும் பாஸ் இருந்தது. பலகையில் நாற்பது ஏறப்போகிறது என்று கவுண்டர்ப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

ஆறு நாற்பத்தேழுக்கு அந்தம்மா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சேலை, ஒரு கைப்பை, ஒரு காகித உறை. வேறு சுமை இல்லை. கவுண்டர்ப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்து, "நீ போய் டீ குடிச்சிட்டு வாம்மா" என்று அவளை அனுப்பிவிட்டேன். அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். "போட்டோ ரொம்பப் பழசா இருக்கும்மா. அந்தக் கோடியில இருக்கிற மேசையில காட்டி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

"நேரம் ஆயிடாதா சார்?"

"அதெல்லாம் ஆகாது. நான் இங்கதான் இருக்கேன்."

அந்த மேசையில் அப்போது ஒரு விளையாட்டுக் குழு முழுக்க வரிசையில் நின்றது. அது என் இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு ஓடி வந்தார். கவுண்டர் மூடி ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

அவர் எதற்காகப் போகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது என்று, விசாரணைக்கு நீங்கள் கூப்பிட்ட முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். அட்டையை நீட்டும்போதே சொன்னார், "பதினோரு மணிக்குக் கோர்ட்ல இருக்கணும் சார், என் பொண்ணு விஷயம்" என்று. அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். திரையில் அவருடைய டிக்கெட் இருந்தது. போகும்போது ஒருவர். திரும்பும்போது இரண்டு பேர், இரண்டாமவருக்கு வயது ஆறு. குழந்தைக்கு ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கியிருந்தார். குழந்தைக்கு ஜன்னலோரம் வாங்கி வைத்தவர் எப்பாடு பட்டாவது வந்துவிடுவார். அவரை வராதவர்களில் ஒருவராக நான் கணித்ததே இல்லை. வராமல் போகவேண்டிய வேறு யாரோ ஒருவர் மிஞ்சியிருந்தார். யார் என்று தெரியவில்லை. சத்தம் போடாதவராகக் கைக்கு அகப்பட்டவர் இவர்.

அடுத்த விமானம் நிறைந்துவிட்டதால், மாலை விமானத்தில் அவரை முன்னிருக்கையில் ஏற்றினேன். நானே கொண்டுபோய் விட்டேன். உள்ளே இருந்த பெண்ணிடம் நன்றாகக் கவனித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அந்த அகலமான நாற்காலியின் நுனியில், மடியில் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று இரவு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. ஏதோ ஒரு நல்ல காரியம் செய்த மாதிரிதான் இருந்தது.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. கோர்ட்டில் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு முறை ஏற்கெனவே வாய்தா வாங்கிய வழக்கு. தாய்க்கு அக்கறை இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்ல, குழந்தை அப்பாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவாகிவிட்டது. அவர் மேல்முறையீட்டுக்கு அலைந்து முடிப்பதற்குள் அந்த ஆள் குழந்தையோடு நாட்டை விட்டே போய்விட்டான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. எட்டு மாதமாகிறது. அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது ஆகியிருக்கும்.

அந்தம்மா கம்பெனிக்கு எழுதிய புகாரை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். அட்டையைச் சரிபார்க்கும் மேசையில் ஆள் போதவில்லை, அதனால்தான் தாமதம் என்று எழுதியிருக்கிறார். என்னைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. கவுண்டரில் இருந்த அந்த சார் ரொம்ப நல்லவர், எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், வயர்லெஸ்ஸில் எனக்காகப் பேசிப் பார்த்தார், அவர்மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று. நீங்கள் என்னைக் கூப்பிட்டதே அந்த வரிகளுக்குச் சாட்சியாக ஒரு கையெழுத்து வாங்கத்தான். போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மூன்று நாள் யோசித்தேன். அந்தப் பத்தியை நான்கு முறை படித்தேன். கூனிக் குறுகிப் போனேன். திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வயர்லெஸ்ஸில் பேசியது உண்மை. அதை மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

ஏழு பன்னிரண்டுக்கு, விமானம் ஏறும் வாசலில் இருந்த சக ஊழியர் என்னைக் கூப்பிட்டார். அந்தம்மா எனக்கு ஆறடி தள்ளி, பெஞ்சில், நான் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் காதில் மட்டும்தான் குரல் கேட்டது.

"தராசு, நீ முன்னாடி ஏத்துன வாடிக்கையாளர் வரலை. போன் பண்ணிட்டார், பயணமே ரத்தாம். ஒரு சீட் காலி. கவுண்டர்ல யாராவது நிக்கறாங்களா? பெட்டி கிட்டி இல்லாத ஆளா இருந்தா உடனே அனுப்பு. எட்டு நிமிஷம் இருக்கு."

அங்கிருந்து வாசலுக்கு இரண்டு நிமிட நடை. அந்தம்மாவிடம் பெட்டி இல்லை. என் ஒன்பதாவது ஆள் அந்த வாடிக்கையாளர்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலே விமானம் சரியாக நிரம்பியிருக்கும். பலகையைப் பற்றியும் கவலை இல்லை. கவுண்டர் மூடியபோதே நாற்பது ஏறிவிட்டது. ஆனால் வராதவர் என்று மூடிய பெயரைத் திறக்க மேற்பார்வையாளர் அம்மா வந்து கடவுச்சொல் போட வேண்டும். போடும்போது "எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்று கேட்பார். அந்தம்மா கள்ளம் இல்லாமல் சொல்லியிருப்பார், ஆறே முக்காலுக்கே வந்துட்டேன், இந்த சார்தான் அங்கே போகச் சொன்னார் என்று. மேற்பார்வையாளர் அம்மாவின் முகம் என் பக்கம் திரும்பும். அந்த ஒரு பார்வையை நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது ஐயா, அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

நான் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினேன். இரண்டு முறை பேசினேன், ஏனென்றால் முதல் முறை வாசலில் இருந்தவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

திரும்பியபோது அந்தம்மா எழுந்து நின்றார். "ஏதாவது சொன்னாங்களா சார்?"

"கேட்டுப் பார்த்துட்டேம்மா. இடமே இல்லைங்கறாங்க."

"பரவாயில்லை சார். எனக்காக ரெண்டு தடவை கேட்டீங்களே, அதுவே போதும்."

நான் வயர்லெஸ்ஸில் இரண்டு முறையும் சொன்னது, "இங்க யாரும் இல்லை."