மனக்கண்ணில் தெரிந்த சீமா

லஸ்ஸில் டிராம் ஏறினேன். முன் பெஞ்சில் இரண்டு காலேஜ் மாணவர்கள். குடுமி வைத்திருந்தவன் மடியில் ஒரு பித்தளைத் தூக்கு.

"மனக்கண்ணால சீமாவைப் பார்த்தேன்னு சொன்னேன். அவன் அம்மா நம்பிட்டாடா" என்றான் அவன். அதற்குமேல் எனக்குப் பத்திரிகை ஓடவில்லை.

"பரீட்சையில கோட் அடிச்சுட்டு, அப்பாவுக்குப் பயந்து நாலு நாளாக் காணாமப் போனவனை நீ எப்படிடா பார்த்தே?" என்றான் மூக்குக்கண்ணாடி போட்டவன்.

"கண்ணை மூடிண்டேன். ஒரு மாடி ரூம், கிழிஞ்ச மெத்தை, ஜன்னல்ல பச்சைத் திரை. அங்கே சௌக்கியமா இருக்கான்னேன்."

"அடப்பாவி, அது உங்காத்து மாடியாச்சேடா!"

"கத்தாதேடா! யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். மாமியானா சாப்பிடாம அழுதுண்டிருக்கா. மனக்கண்ணுல தெரிஞ்சதுன்னு சொன்னா, சத்தியத்தை மீறினதா ஆகாதோல்லியோ?"

"மாமி என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கலை. முகத்தைத் துடைச்சுண்டு உள்ளே போனா. அரைமணி கழிச்சு இந்தத் தூக்கோட வந்தா."

"என்னடா இருக்கு அதுல?"

"சேவையும் மோர்க்குழம்பும். சீமாவுக்கு உசிரு."

"அதை எதுக்கு உன்கிட்ட குடுத்தா?"

குடுமிக்காரன் தூக்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"'அவன் அப்பாவை நான் பாத்துக்கறேன். மறுபடியும் நீ கண்ணை மூடறச்சே, ஆறிப்போறதுக்குள்ள இதை அவன்கிட்ட குடுத்துடு. தூக்கை அவனே கொண்டுவந்து குடுக்கட்டும்'னா."