அடி விட்ட மியூஸ்லிப் பெட்டி

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

"எங்கட வீட்டில காலமைச் சாப்பாட்டுக்கு ஒரே மியூஸ்லிப் பெட்டி, ரெண்டு வருசமா முடியேல்லை," என்றாள் கண்ணாடி போட்டவள்.

"என்னடி சொல்லுறாய்?"

"விலை ஏறினதில இருந்து நான்தான் அவலும் கச்சான் கடலையும் வறுத்து, பேரீச்சம்பழம் வெட்டிப்போட்டு, அந்தப் பெட்டிக்குள்ள நிரப்பி வைக்கிறனான். என்ர மனுசனுக்குக் கடைச் சாமான்தான் வேணும்."

"அவருக்குப் பிடிபடேல்லையோ?"

"முந்தநாள் பெட்டியின்ர அடி விட்டுப்போச்சு. ஒட்டுவம் எண்டு இண்டைக்குக் காலமை எடுத்தால், வடிவா டேப் ஒட்டிக் கிடக்கு. வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான்."

மற்றவள் சிரித்தாள். "நீ குடுத்துவைச்சனியடி. அவர் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவர். இன்னும் கொஞ்சம் இருக்கோ எண்டு."