நியூட்ரல்ல ஒரு மூச்சு

குத்தாதீங்க சாரே, குத்தாதீங்க! கியர் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சுது? கரகரன்னு பல்லக் கடிக்குது பாருங்க. கிளட்ச்ச முழுசா மிதிங்க. பாதி மிதிச்சுட்டு இழுத்தா அது கடிக்கத்தான் செய்யும். ஆங்... ஆஃப் ஆயிட்டு. பரவால்ல, மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுங்க. வேளி பக்கம் இந்தக் காலி கிரவுண்டுக்கு ஞாயித்துக்கிழமை காலம்பற யாரு வரப்போறா?

வண்டி எப்படி ஆஃப் ஆகும்னு நாளைக்கு ஜட்ஜி முன்னால வெளக்கணும், அதுக்கு நானே ஓட்டிப் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அனந்தபத்மநாபன் வக்கீல் ஒரு கேஸ எடுத்தா அடிமுட்டப் போவாருன்னு சாலைக் கடைத்தெருவுல சொன்னாங்க, சரிதான். ஆனா ஆஃப் ஆக்குறதுக்கு உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லித் தர? அது தன்னாலயே வருது. சிரிக்காதீங்க, ரோட்டப் பாருங்க.

ஃபர்ஸ்ட் விழுந்துதா? சரி. இப்பம் செகண்டு. ஒரேயடியா அடிச்சுப் போடக்கூடாது. வெளிய எடுத்து, நியூட்ரல்ல ஒரு மூச்சு விடணும். ஒரே மூச்சு. உள்ள சுத்துற பல்லு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணங்குற நேரம் அது. பெறவு ரெண்டு விரல் போதும், தானா விழும். பதினாறு வருஷமா நாகர்கோயில்ல இருந்து சாலைக் கடைத்தெருவுக்கு லாரியில அரிசி ஏத்திட்டு வாறேன். இந்தப் பூதலிங்கம் வண்டின்னா மூட்டை மேல படுத்து உறங்குறவன் தம்பானூர்ல வந்துதான் முழிப்பான்.

இத எனக்கு யாரு சொல்லித் தந்தான்னு நெனைக்கீங்க? என் தங்கச்சி பகவதி. அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனா காது! கல்யாணத்துக்கு முன்ன முன்சீட்டுல என் கூட வருவா. பாறசாலை தாண்டி ஏத்தத்துல கண்ண மூடிக்கிட்டு, அண்ணே, வண்டி கேக்குது, மாத்துன்னு சொல்லுவா. அவ சொன்ன நேரத்துல மாத்தினா மாத்தினது நமக்கே தெரியாது.

இப்பம் அவளுக்கு எடது காது கேக்காது. வலதுலயும் பாதிதான். குளிமுறித் தண்ணியில வழுக்கி விழுந்தா. ஆஸ்பத்திரி சீட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு, நீங்களும் பாத்தீங்கல்லா. ம், அவ புருசன் வீட்டுக் குளிமுறிதான். செத்துப்போன ராஜையன் என் தங்கச்சி புருசன்னு நான் மறைச்சேனா? எங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம் உண்டான்னு யாரிட்ட வேணும்னாலும் கேளுங்க. அவன்கிட்ட ஒரு தடவ சத்தம் போட்டுப் பேசினது கிடையாது நான்.

ஐயோ, கால டக்குன்னு எடுக்காதீங்க! கிளட்ச்சு பிடிக்குற எடத்துல ஒரு நடுக்கம் வரும், அங்க நிறுத்துங்க. அப்படித்தான்.

அன்னைக்குள்ளத மறுபடியும் சொல்லணுமா? ஓட்டிக்கிட்டே கேளுங்க. ராஜையன் சாலையில நான் அரிசி எறக்குற குடோனுக்கு சூப்பர்வைசர். மூட்டை எறக்குற சுமட்டுக்காரங்கள வாய்க்கு வந்தபடி பேசுவான், கையும் நீளும். அன்னைக்குப் பிச்சைக்கனி ஒரு மூட்டையக் கீழ போட்டுட்டாருன்னு அவரு மூட்டை தூக்குற கொக்கியையே பிடுங்கி அவரு கன்னத்துல இழுத்துட்டான். கிழிஞ்சு உள்ள பல்லு தெரியுது பாத்துக்கிடுங்க. பச்சரிசி மேல ரெத்தம். நான் வண்டியோட வாறப்ப அம்பது பேரு ராஜையனச் சுத்தி நிக்கானுவ. கையில கொக்கி, கம்பி, எடைக்கல்லு. ஆனா ஒருத்தன் கையும் ஓங்கல. மொத அடி யாரு அடிக்கன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கான். அதப் பாத்து இவனுக்கு தைரியம் வந்துட்டு. சிரிச்சான்.

கூட்டத்துக்கு நடுவுல என் வண்டி ஆஃப் ஆச்சு. பேட்டரி வீக்கு, எடுக்கல. தலைய வெளிய நீட்டி, தள்ளெடான்னு கத்தினேன். வண்டியத் தள்ளு. தமிழ்லயும் மலையாளத்துலயும் அதுக்கு அதுதான் அர்த்தம். ஆனா நாக்கு மடங்காட்டா தல்லு. தல்லுன்னா மலையாளத்துல அடி. கூட்டத்துக்கு அப்படிக் கேட்டுட்டு. இவ்வளவுதானே சாரே கேஸு? அடிச்ச நாலு பேருக்குப் பின்னால நான் அஞ்சாம் பிரதி, அஞ்சாவது குத்தவாளி. ளானான்னு ஜட்ஜி நம்பினா வீட்டுக்குப் போவேன். லானான்னா ஜெயிலு.

மொத கொக்கி தோள்ல எறங்கிச்சு. அடுத்தது எங்க எறங்கிச்சுன்னு கேக்காதீங்க. ஒருத்தன் எடைக்கல்லத் தூக்கி முட்டுல போட்டான், வெறகு முறியுற சத்தம். நான் கண்ணாடிய ஏத்திட்டு உள்ள இருக்கேன், அப்பவும் கேட்டுது. அவன் ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு உருளுதான். காத! மூணாம் நாள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில செத்தான்.

இப்பம் தேர்டு. மூச்சு விடுங்க... ஆ! விழுந்தது தெரிஞ்சுதா? இல்லல்லா? அருமை சாரே, அருமை!

என்ன கேட்டீங்க? பதினாறு வருஷம் ஓட்டினவன் கையில ஏன் ஆஃப் ஆச்சுன்னா? அரசாங்க வக்கீலும் இதத்தான் கேப்பாரா? கிளட்ச்சுல கால் வழுக்கிட்டுன்னு சொல்லணும், என்ன? நீங்க சொல்லச் சொன்னா கூண்டுல ஏறிச் சொல்லுதேன். ஆனா அந்த வழுக்கிட்டுங்குற சொல்லு எனக்கு வாயில வரமாட்டேங்குது. இந்த வண்டி என் கையில ஒரு நாளும் ஆஃப் ஆனதில்ல. அன்னைக்கும் ஆகல.

பிரேக்க மிதிக்கும்போது கிளட்ச்சையும்... சரி விடுங்க, நின்னுட்டு. அப்படியே இருங்க.

குளிமுறியும் இல்ல, வழுக்கலும் இல்ல சாரே. கொழம்புல உப்பு கூடிட்டுன்னு ராஜையன் ரெண்டு கையாலயும் சேத்து ஒரே அறை. செவிப்பறை கிழிஞ்சுட்டு. யாரிட்டயும் சொல்லாத அண்ணேன்னு என் கால்ல விழுந்தா, நான் சொல்லல.

அன்னைக்கு அவன் சிரிச்சான்லா, அப்பம் நான் செகண்டுல வந்துக்கிட்டிருக்கேன். நியூட்ரலுக்குக் கொண்டு வந்தேன். ஒரு மூச்சு விட்டேன். சாவியத் திருப்பி நானேதான் ஆஃப் பண்ணினேன், கத்துறதுக்கு ஒரு காரணம் வேணும்லா? பெறவு தலைய வெளிய நீட்டி, லானாவத்தான் கத்தினேன். பதினாறு வருஷமா இந்த மலையாளத்து ஊருச் சோறு திங்கேன், எனக்கா சாரே நாக்கு மடங்காது?