முன்னால் போகிறவன்

நிலக்கடலை காயப்போட தார் ரோட்டைவிட நல்ல இடம் கிடையாது சார். மேலேயும் சூடு, அடியிலும் சூடு. தருமன் பாதி ரோட்டை விட்டுத்தான் போட்டிருந்தார். ஓரத்தில் கல்லும் வைத்திருந்தார். அவர் மேல் போட்ட வழக்கை எடுத்துவிடுங்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

என் மனைவி மணிமொழி ஸ்கேட்டிங்கில் தேசிய சாம்பியன். ரோட்டில் ஓடும் நெடுந்தூரப் பந்தயம் அவளுடையது. கல்யாணத்தின்போது அவளிடம் ஒரு மாவட்டப் பதக்கம்தான் இருந்தது. மற்றதெல்லாம் என் பைக்குக்குப் பின்னால் ஓடி வாங்கியவை. நான் இயற்பியல் படித்தவன். முன்னால் போகும் வண்டி காற்றைத் தாங்கிக்கொண்டால், ஒட்டி வருகிறவள் தன் சக்திக்கு மீறிய வேகத்தில் ஓடலாம். கால்கள் அதற்குப் பழகிவிடும். கிரிவலப் பாதையில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். அதனால் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிளை ரோட்டுக்குப் போவோம்.

குனிந்து ஓடுகிறவளுக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும். பள்ளம், மணல், காயும் தானியம், எது வந்தாலும் நான் இடது கையைத் தூக்குவேன். அவள் வேகம் குறைத்து விலகுவாள். நான் தவறியதே இல்லை.

இந்திய அணி முகாமுக்கு அவளைத் தேர்வு செய்தார்கள். பெங்களூரில். அன்று சாயங்காலம் ஷூவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்குத்தாங்க கடைசி. அங்க கோச் சரவணகுமார் சாரே வண்டி ஓட்டுவாராம்."

"நானும் வந்து ரூம் எடுத்துத் தங்கறேன்."

"ஐய, வேணாங்க. பொண்டாட்டி பின்னாடியே வந்துட்டாருன்னு கிண்டல் பண்ணுவாங்க." சிரித்தாள். "இத்தினி வருஷமா உங்க முதுகையே பாத்துனு ஓடிட்டேன். இனிமேலாச்சும் ரோட்ட பாக்கறேனே."

நானும் சிரித்தேன்.

வளைவு தாண்டியதும் கடலை தெரிந்தது. வண்டியை வலப்பக்கம் ஒடித்தேன். கையைத் தூக்கவில்லை. ஒரு எலும்பு முறிந்தால் போதும் என்பது என் கணக்கு. இந்த சீசன் முழுக்க வீட்டில் இருப்பாள். சோறு பிசைந்து ஊட்டலாம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சக்கரம் வழுக்கி, நடு ரோட்டில் போய் விழுந்தாள். மணிக்கட்டு மட்டும் முறிந்தது. எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"பாத்தீங்கதானே?"

"என்னத்த?"

"கடலைய. பாத்துட்டுத்தான வண்டிய ஒடிச்சீங்க? ஏங்க கைய தூக்கல?"

அப்போது வளைவில் பால் வேன் திரும்பியது. அவளுக்கு முதுகுப் பக்கம். ஓட்டுநர் எதிர்வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். நான் கை காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார். கத்தியிருந்தால் அவளே நகர்ந்திருப்பாள். நேரம் இருந்தது. எனக்குத் தூரம் அளக்கத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டவளோடு இனி எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று யோசித்தேன். யோசித்து முடித்தபோது வேன் அவளைத் தாண்டிப் போய் நின்றிருந்தது.

தருமன் வயலிலிருந்து ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, நான்தான் கொன்னுட்டேன் தம்பி."

"நீங்க என்ன பண்ணுவீங்க, உக்காருங்க" என்றேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். அவளை விட்டு நான் ஒரு நாளும் போனதில்லை.