மெரூன் கால்

"என்ற காலு என்ன நிறம்னு எனக்கே மறந்து போச்சு புள்ள."

பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம் சொன்னார். சாயப்பட்டறையில் வேலை போல. கணுக்கால் வரை மெரூன் ஏறியிருந்தது.

"டாக்டர் சொன்னது கேட்டுச்சுங்களா? தினமும் பாதத்தைத் திருப்பிப் பாக்கோணுமாம். எங்கியாச்சும் செவந்திருந்தா ஒடனே வரோணுமாம்."

"பட்டறையில மாசம் பூரா மெரூன்தான் ஓடுது. இதுல எந்தச் செவப்பைப் பாக்கறது?"

"பூட்ஸு குடுத்தாங்கல்லங்க?"

"உள்ளாரயே சாயத்தண்ணி பூந்துக்குது."

"வலிச்சாத் தெரியுமுங்கல்ல?"

"போன வாரம் சுடுதண்ணி பட்டதே தெரியல."

"எங்க பெரியப்பனுக்கும் மொதல்ல சின்னப் புண்ணுதானுங்க. அப்புறம் வெரலையே எடுத்தாங்க."

அந்த அம்மா குனிந்து, முந்தானையால் அவர் கால் பெருவிரலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். நிறம் போகவில்லை.

"உடு புள்ள. வெள்ளைத் துணி ஆர்டர் வந்தா காலு தானா வெளுத்துரும். அப்பப் பாத்துக்கலாம்."

"அது எப்ப வருமுங்க?"

"அதை வெளிநாட்டுல துணி வாங்கறவன்தான் சொல்லோணும்."