அர்ச்சனைக்குப் பிறகு விலை

புத்தூர்ச் சந்தியில் பஸ் ஏறி எனக்கு முன்னால் அமர்ந்தவர், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்: "புதுக் காருக்கு அர்ச்சனை செய்துபோட்டுத்தான் அண்ணை விலை கேட்டனான்."

"என்ன விசர் வேலையடா?"

"கடைக்காரன் ஓடிப் பாக்கத்தான் தந்தவன். நல்ல நேரம் முடியப்போகுதெண்டு நேரை நல்லூர்க் கோயிலுக்குக் கொண்டுபோனன். மாலை போட்டு, தேங்காய் உடைச்சு, எலுமிச்சம்பழத்திலை ஏத்தி..."

"பேந்து?"

"திரும்பிப் போய், ரெண்டு லட்சம் குறையுங்கோ எண்டன். மாலையைப் பாத்தான். ஒரு சதமும் குறைக்கேலாதெண்டிட்டான்."

"வாங்கினியோ?"

"வாங்கினா ஏன் பஸ்ஸிலை வாறன்? கோவத்திலை விட்டிட்டு வந்திட்டன். அடுத்த நாளே வேறை ஒருத்தன் வாங்கிட்டானாம்."

"போனால் போகுது, விடு."

"என்னெண்டு விடுறது? அர்ச்சனை என்ரை பேரிலையண்ணை. அவன் கவனமா ஓடவேணுமெண்டு இப்ப நானெல்லோ கும்பிட்டுக்கொண்டு திரியிறன்!"