பன்னெண்டு மார்க் வாங்கின நிலம்

அங்க அடிக்காதீங்கண்ணே, அளவுக் கம்பை ரெண்டடி தள்ளி அடிங்க. அடியில தண்ணி வடியுற மண் குழாய் போகுது. உங்க ஆபீஸ்ல சொல்லலையா? எங்க சொல்லப் போறாங்க, அவங்க யாரும் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.

நானா? டில்டெ. இந்த வீட்டுப் பொண்ணுதான். அப்பா உள்ள இருக்காரு, வெளிய வரமாட்டாரு. போன வாரம் மாடெல்லாம் லாரி ஏறினதுலேர்ந்து இப்படித்தான். கையெழுத்தா? போட்டுட்டாரு. நெலத்த நீங்களா குடுக்கலேன்னா நகராட்சி எடுத்துக்கும்னு உங்க கம்பெனில சொன்னப்புறம் வேற என்ன பண்ணுவாரு?

வேலிகிட்ட நிக்கிறாரே, அவரு பக்கத்துப் பண்ணை ஏவால். இருபது வருஷமா காலைல பத்து மணிக்கு எங்க சமையல்கட்டுல வந்து காபி குடிப்பாரு. இப்ப அப்பா கதவத் தெறக்கறதில்ல. உங்க கம்பெனி லெட்டர்ல, ஒங்க ஒரே பொண்ணு விவசாயத்துக்கு வரமாட்டான்னு தெரியும்னு ஒரு வரி இருந்துது. இது ஏவாலத் தவிர வேற யாருக்குத் தெரியும், அவன்தான் போட்டுக் குடுத்துட்டான்னு அப்பா பிடிச்ச பிடில நிக்கிறாரு. பாவம் அந்த ஆளு, தினம் வந்து நின்னுட்டுப் போறாரு.

படிக்கலையாவா? டவுன் காலேஜ்ல ஒரு வருஷம் படிச்சேன். டேட்டா சென்டர், கிளவுட், அதோட ஆரம்பப் பாடம். கிளவுட்னா மேகம் இல்ல, எவனோ ஒருத்தன் நிலத்துல நிக்கிற கட்டடம்னாரு வாத்தியார் மொத நாளே. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

பாதில விட்டேனா? இல்ல, பாஸ் பண்ணிட்டுத்தான் விட்டேன். கடைசிப் பரீட்சைக்கு, டேட்டா சென்டர் கட்ட ஒரு எடம் கண்டுபிடிச்சு எழுதணும். தட்டையான நெலம், பக்கத்துல பெரிய கரண்ட் லைன், தண்ணி, புகார் குடுக்க அக்கம்பக்கத்துல ஆள் கம்மி. மத்தவங்க மூணு வாரம் ஊரச் சுத்தினாங்க. எனக்குச் சோம்பேறித்தனம். இந்த வீட்டு ஜன்னலத் தெறந்தேன், எல்லாம் இருந்துது. எழுதிட்டேன். இதெல்லாம் யாரு படிக்கப் போறாங்கன்னுதான்.

வாய்ப் பரீட்சைக்கு வெளியாளு ஒருத்தரு வருவாருல்ல? அன்னிக்கு வந்தவரு உங்க கம்பெனிக்காரரு. நல்ல மனுஷன், தண்ணி ஊத்திக் குடுத்தாரு. எடம் பிரமாதம், ஆனா சொந்தக்காரரு குடுப்பாரான்னாரு. குடுப்பாரு, ஒரே பொண்ணு, அவளுக்கு மாட்டு வாடையே ஆகாது, திரும்பி வரமாட்டான்னேன். சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டாரு.

பன்னெண்டு போட்டாங்க. அதுக்கு மேல மார்க்கே இல்லையே. அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வந்து பாக்கறேன், பொறந்த நாள், நல்ல சேதின்னா இங்க ஏத்துவோமே, அந்தக் கொடிய வாசல்ல ஏத்தி வெச்சிருக்காரு. எனக்காக. எந்த எடத்தப் பத்தி எழுதினேன்னு அவரும் கேக்கல, நானும் இன்னும் சொல்லல.